இரண்டு வாரத்தில் மீண்டும் குவியும் மேசை: ஒரு விரிவான பதில்

கேள்வியின் சாரம் இதுதான்: இரண்டு படுக்கையறை கொண்ட சென்னை அடுக்ககத்தில், ஓர் அறையின் மூலையில் நான்கடிக்கு இரண்டடி அளவில் ஒரு மேசை இருக்கிறது. வாரத்தில் சில நாட்கள் அதில் அமர்ந்து நீங்கள் அலுவலக வேலை பார்க்கிறீர்கள். மாலையில் பத்தாம் வகுப்பு படிக்கும் மகன் அதே மேசையில் எழுதுகிறான். ஓய்வூதியம் பெறும் மாமனாரின் காகிதங்களும் அங்கேதான் வந்து சேர்கின்றன. பலமுறை துடைத்து அடுக்கியும் இரண்டு வாரத்தில் மேசை பழைய நிலைக்கே திரும்பிவிடுகிறது. என்ன மாதிரி டிரேயும் டப்பாவும் வாங்கினால் இது சரியாகும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். மேசை மீது ஒரு காகிதம் கிடப்பதற்கு இடப்பற்றாக்குறை காரணமாக இருப்பது அரிது. உள்ளே எடுத்து வைத்தால் மறந்துபோவோம் என்ற அச்சத்தால்தான் அதைக் கண்ணெதிரே விட்டுவைக்கிறோம். அமெரிக்க ஆய்வாளர் தாமஸ் மலோன், அலுவலக ஊழியர்கள் தங்கள் மேசைகளை எவ்வாறு வைத்துக்கொள்கிறார்கள் என்று ஆராய்ந்து 1983இல் வெளியிட்ட கட்டுரையில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்: மேசை மீதுள்ள குவியல் ஒரு பொருளைத் தேடி எடுப்பதற்காக மட்டும் வைக்கப்படுவதன்று, செய்ய வேண்டிய வேலையை நினைவூட்டுவதற்காகவும் வைக்கப்படுகிறது. நீங்கள் ஒவ்வொரு முறையும் மேசையைத் துடைத்து அடுக்கும்போது காகிதங்களோடு அந்த நினைவூட்டல்களும் அலமாரிக்குள் போய்விடுகின்றன. சில நாட்களில் ஏதோ ஒன்றின் கடைசித் தேதி தவறுகிறது. அதன்பின் எல்லாமே மறுபடியும் கண்ணெதிரே வந்து உட்கார்ந்துகொள்கின்றன. ஆகவே நினைவூட்டும் பொறுப்பை மேசையிடமிருந்து வாங்கி வேறொன்றிடம் ஒப்படைக்காத வரையில் எந்த டப்பாவும் உங்களுக்கு உதவாது. குவியல் டப்பாவுக்குள் இடம் மாறும், அவ்வளவுதான்.

இதை நம்பச் சிரமமாக இருந்தால், இப்போதே மேசையின் மேல்தளத்தில் கைக்கு அகப்படும் பொருட்களை ஒவ்வொன்றாக எடுத்து, இது ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். இருசக்கர வாகனக் காப்பீட்டைப் புதுப்பிக்கச் சொல்லும் கடிதம் இருக்கும். அது பணம் கட்டுவதற்காகக் காத்திருக்கிறது. காது உடைந்த மூக்குக்கண்ணாடி இருக்கும்; அது கடைக்குப் போகக் காத்திருக்கிறது. பெற்றோர் கையொப்பம் கேட்கும் பள்ளிப் படிவம், பிடிக்காமல் போய்த் திருப்பி அனுப்ப வேண்டிய சட்டை, அடுத்த மாதத் திருமணத்துக்கான அழைப்பிதழ், மாமனாரின் இரத்தப் பரிசோதனைச் சீட்டு என்று ஏறக்குறைய ஒவ்வொன்றின் பின்னாலும் முடியாத ஒரு வேலை ஒளிந்திருக்கும். உண்மையான குப்பை, அதாவது எந்த யோசனையும் இன்றித் தூக்கிப் போடக்கூடியது, நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாகவே இருக்கும்.

முதல் வேலை மேசையை முழுவதுமாகக் காலி செய்வது. பாதி மேசையை ஒழுங்குபடுத்தும் முயற்சி, மீதிப் பாதிக்குப் பொருட்களை நகர்த்துவதில்தான் முடியும். எல்லாவற்றையும் எடுத்துத் தரையில் விரித்த பழைய போர்வை மீது வையுங்கள். கட்டில் மீது வைக்காதீர்கள். இரவு படுக்கும் நேரத்தில் களைப்போடு அள்ளி மறுபடியும் மேசையிலேயே கொட்டிவிடுவீர்கள். இழுப்பறைகளை அன்றைக்குத் திறக்க வேண்டாம். மேல்தளத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இழுப்பறைகளுக்கு அடுத்த வாரம் என்று பிரித்துக்கொள்வது நல்லது. மூன்று மணி நேரத்துக்குமேல் இந்த வேலையைச் செய்பவர்கள் கடைசியில் எதை வைப்பது, எதைக் கழிப்பது என்று முடிவெடுக்கும் பொறுமையை இழந்து, ‘இதர’ என்று எழுதிய ஒரு பையில் மிச்சத்தைத் திணித்துவிடுகிறார்கள். அந்தப் பை பிறகு ஆண்டுக்கணக்கில் திறக்கப்படுவதில்லை.

தரையில் இருப்பதை வகை வகையாகப் பிரிக்கும்போது பலரும் பேனா, காகிதம், மின்சாதனம் என்று பொருளின் இனத்தைப் பார்த்துப் பிரிக்கிறார்கள். அதைவிட, இதற்கு இனி என்ன நடக்க வேண்டும் என்பதைப் பார்த்துப் பிரிப்பது பயன் தரும். இந்த மேசைக்குச் சொந்தமே இல்லாத பொருட்கள் ஒரு பக்கம்: ஸ்பேனர், தைலக் குப்பி, யாரோ கழற்றி வைத்த கடிகாரம், காபி டம்ளர். அவற்றை உடனே உரிய அறைக்கு அனுப்பிவிடலாம். வேலை முடிந்து, சான்றாக மட்டும் காப்பாற்ற வேண்டியவை இன்னொரு பக்கம். வேலை முடியாதவை மூன்றாவது பக்கம். இந்த மூன்றாவது குவியல்தான் உங்கள் உண்மையான சிக்கல் என்பதால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

ஒவ்வொரு முடியாத காகிதத்தையும் கையில் எடுத்து, அதன் வலது மேல் மூலையில் பென்சிலால் இரண்டு விவரங்களை எழுதுங்கள்: அடுத்து செய்ய வேண்டிய செயல், அதைச் செய்யும் தேதி. ‘காப்பீடு’ என்று எழுதினால் போதாது. ‘பணம் கட்டு, 12’ என்று வினைச்சொல்லோடு எழுத வேண்டும். அதையே சுவரில் மாட்டியிருக்கும் மாத நாட்காட்டியில் அந்தத் தேதிக் கட்டத்தில் குறியுங்கள். கைப்பேசி நினைவூட்டல் வைப்பதில் தவறில்லை. ஆனால் அது உங்கள் ஒருவருக்கு மட்டுமே ஒலிக்கும். வீட்டில் எல்லோரும் முகூர்த்த நாளும் ராகு காலமும் பார்க்கும் அதே நாட்காட்டியில் எழுதும்போது, நீங்கள் மறந்தாலும் வேறொருவர் கேட்பார். தேதி எழுதப்பட்ட கணத்திலிருந்து அந்தக் காகிதம் கண்ணெதிரே இருக்க வேண்டிய அவசியம் தீர்ந்துவிடுகிறது. அது ‘நடப்பு’ என்று பெயரிட்ட ஒரே ஒரு கோப்புக்குள் போகலாம். உடைந்த மூக்குக்கண்ணாடி போன்ற பொருட்களுக்குக் கோப்பு பொருந்தாது. அவை வீட்டைவிட்டு வெளியே போக வேண்டியவை ஆகையால், வாசலருகே மாட்டிய ஒரு துணிப்பைதான் அவற்றுக்கு இடம்.

நடப்புக் காகிதங்கள் மிக அதிகமாகச் சேருகிற வீடுகளுக்கு, ஜப்பானியப் பொருளியலாளர் யுகியோ நோகுச்சி 1990களில் பரவலாக்கிய முறை பொருத்தமானது. ஒரு விவகாரத்துக்கு ஒரு ஏ4 கவர் என்று எடுத்துக்கொண்டு, விளிம்பில் பெயரும் தேதியும் எழுதி, புத்தகங்களைப் போல நிறுத்தி வரிசையாக வைக்க வேண்டும். எந்தக் கவரை எடுத்துப் பயன்படுத்தினாலும் அதைப் பழைய இடத்தில் செருகாமல் இடது ஓரத்தில் வைக்க வேண்டும். வேறு எந்த வகைப்பாடும் கிடையாது. அடிக்கடி தேவைப்படுபவை தாமாகவே இடப்பக்கம் சேரும். மாதக்கணக்கில் தொடாதவை வலது ஓரத்துக்குத் தள்ளப்படும். அவற்றை எடுத்துக் கழிக்கவோ நிரந்தரக் கோப்புக்கு மாற்றவோ செய்யலாம். தலைப்பு வாரியாகக் கோப்பு வைக்கும் பழக்கம் நம்மில் பலருக்கும் ஒரு மாதத்துக்குமேல் நீடிப்பதில்லை, ஏனென்றால் புதிதாக வரும் ஒவ்வொரு காகிதமும் இரண்டு தலைப்புகளுக்குப் பொருந்துவதாகத் தோன்றும். நோகுச்சியின் முறையில் அந்தக் குழப்பத்துக்கே இடமில்லை என்பதால் அதை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

இனி, காப்பாற்ற வேண்டிய காகிதங்கள். இவற்றில்தான் பெரும்பாலானவர்கள் இரண்டு எதிரெதிர்த் தவறுகளைச் செய்கிறார்கள்: மறுபடியும் கிடைக்காத ஒன்றை அலட்சியமாக வைப்பது, இணையத்தில் எந்நேரமும் எடுக்கக்கூடியதைப் பத்திரப்படுத்துவது. பட்டா, சிட்டா நகல்களையும் வில்லங்கச் சான்றையும் தமிழ்நாட்டில் இணையவழியில் திரும்பப் பெற முடியும். பத்து ஆண்டுகளுக்கு முன் எடுத்த வில்லங்கச் சான்றின் நான்கு நகல்களை வைத்திருப்பதால் எந்தப் பயனும் இல்லை. ஆனால் கிரயப் பத்திரத்தின் அசல் அப்படியல்ல. சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும் என்றாலும், வங்கியில் அடமானக் கடன் கேட்கும்போதும் வீட்டை விற்கும்போதும் அசல் பத்திரத்தையும் தாய்ப் பத்திரத்தையும்தான் கேட்பார்கள். இவை மேசையிலோ மேசையின் இழுப்பறையிலோ இருக்கவே கூடாது. பூட்டிய பீரோவிலோ வங்கிப் பெட்டகத்திலோ இருக்க வேண்டும். மேசையில் அவற்றின் ஒளிநகல் ஒன்றும், அசல் எங்கே இருக்கிறது என்ற குறிப்பும் போதும்.

பத்திரங்களை வைக்கும் கோப்பின் அளவைப் பற்றி ஒரு வார்த்தை. ஏ4 தாளின் நீளம் 29.7 செ.மீ. பழைய பத்திரங்கள் பெரும்பாலும் அதைவிட நீளமான தாளில் இருக்கும். லீகல் அளவுத் தாளின் நீளம் 35.6 செ.மீ. இவற்றை ஏ4 கோப்பில் செருகினால் அடிப்பகுதி வெளியே நீட்டிக்கொண்டு மடங்கும். ஆண்டுகள் கழித்து அந்த மடிப்பில்தான் தாள் முதலில் கிழியும். ஆகவே லீகல் அளவுக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். குண்டூசியையும் ஜெம் கிளிப்பையும் கழற்றிவிடுங்கள். கடற்காற்றடிக்கும் சென்னையில் அவை துருப்பிடித்து, தாளில் பழுப்பு வட்டங்களை விட்டுச் செல்லும். ரப்பர் பேண்டு வெயில் காலத்தில் இளகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும். அசல் சான்றிதழ்களை லேமினேஷன் செய்வது பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு முறை செய்துவிட்டால் தாளைச் சேதமின்றிப் பிரித்தெடுக்க முடியாது. பின்பக்கத்தில் முத்திரையோ குறிப்போ இட வேண்டி வந்தாலும் வழியிருக்காது.

கடை ரசீதுகளைப் பொறுத்தவரை, அவை எந்தத் தாளில் அச்சிடப்பட்டவை என்பதைப் பாருங்கள். வழுவழுப்பான மெல்லிய தாளில், மை இல்லாமல் வெப்பத்தால் எழுத்து வரவைக்கும் ரசீதுதான் இன்று பல்பொருள் அங்காடி முதல் ஏடிஎம் வரை எங்கும் தருகிறார்கள். அந்தத் தாளின் மேல் பூசப்பட்ட வேதிப்பொருள் சூட்டில் கருக்கும், வெளிச்சத்தில் மங்கும். நகத்தால் வேகமாக ஒரு கீறு கீறினால் கறுப்புக் கோடு விழும். இதுதான் அதை அடையாளம் காண எளிய வழி. பிவிசி உறைக்குள் பத்திரமாகச் செருகி வைத்தாலும், பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள் எழுத்தை அழித்துவிடும். ஆகையால் உத்தரவாதத்துக்குத் தேவைப்படும் குளிர்சாதனப் பெட்டி, துவைக்கும் இயந்திரம் போன்றவற்றின் ரசீது இந்தத் தாளில் இருந்தால், வாங்கிய அன்றே ஒளிநகல் எடுத்து உத்தரவாத அட்டையோடு சேர்த்துவிடுங்கள். மற்ற வெப்ப ரசீதுகள், அதாவது பெட்ரோல், மளிகை, ஏடிஎம் சீட்டுகள், வங்கிக் கணக்கோடு ஒத்துப் பார்த்தபின் தேவையில்லை. உங்கள் குவியலில் இவையும் கலந்திருப்பதைப் பிரிக்கும்போது காண்பீர்கள்.

எவ்வளவு காலம் வைத்திருப்பது என்ற கேள்விக்கு எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு விடை கிடையாது. வருமான வரியைப் பொறுத்தவரை, 2024இல் வந்த திருத்தத்தின்படி, கணக்கை மீண்டும் திறப்பதற்கான அறிவிப்பு பொதுவாக மதிப்பீட்டு ஆண்டு (வருமானம் ஈட்டிய நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்து 3 ஆண்டு 3 மாதம் வரையிலும், விடுபட்ட வருமானம் 50 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ என்றால் 5 ஆண்டு 3 மாதம் வரையிலும் அனுப்பப்படலாம். எனவே சம்பளதாரர் ஒருவர் 7 ஆண்டுக் காகிதங்களை ஆண்டுக்கு ஒரு கவர் என்று வைத்திருந்து, எட்டாவது கவர் வரும்போது மிகப் பழையதைக் கழிப்பது போதுமான எச்சரிக்கை. வீடு வாங்கிய செலவு, பிற்பாடு மாடி கட்டிய செலவு ஆகியவற்றுக்கான ரசீதுகள் இந்தக் கணக்கில் சேரா. வீட்டை விற்கும்போது மூலதன ஆதாயத்தைக் கணக்கிட அவை தேவைப்படும் என்பதால், வீடு உங்களிடம் இருக்கும் வரை அவையும் இருக்க வேண்டும். சொத்து வரியை அரையாண்டுக்கு ஒரு முறை கட்டுகிறோம். அந்த ரசீதுகளை ஒரே கவரில் வரிசையாக வையுங்கள், விற்பனையின்போது தொடர்ச்சியாகக் கேட்பார்கள். மின்கட்டணத்தைப் பொறுத்தவரை, அளவெடுப்பவர் எழுதிவிட்டுப் போகும் வெள்ளை அட்டை ஒன்று இருந்தால் போதும். கட்டிய பழைய சீட்டுகளை இரண்டு ஆண்டுக்குமேல் வைத்திருக்கத் தேவையில்லை.

ஆதார், பான் அட்டைகளின் ஒளிநகல்கள் ஒவ்வொரு மேசையிலும் அளவுக்கு மீறிக் கிடக்கும். ஒவ்வொரு முறையும் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று நான்கைந்து நகல் எடுப்பதால் வரும் விளைவு இது. இரண்டு நகல்கள் தவிர மற்றவற்றை அழித்துவிடுங்கள். யாருக்கேனும் நகல் கொடுக்கும்போது, எதற்காக, எந்தத் தேதியில் கொடுக்கிறோம் என்பதை நகலின் குறுக்கே எழுதிக் கையொப்பமிடுங்கள்; கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஏற்கும் இடங்களில் அதையே கொடுங்கள். ஓட்டுநர் உரிமம், வாகனப் பதிவுச் சான்று போன்றவற்றை டிஜிலாக்கர் செயலியில் இணைத்துக்கொண்டால், அதன் வழியாகத் துறைகளே வழங்கும் ஆவணங்களுக்கு 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அசலுக்கு இணையான மதிப்பு உண்டு. நீங்களே படம் எடுத்துப் பதிவேற்றியவற்றுக்கு அந்த மதிப்பு இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

காகிதங்களைக் கைப்பேசியில் படமெடுத்துச் சேமிப்பவர்கள் கோப்பின் பெயரை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்க வேண்டும், 2025-06-14 என்பதுபோல. கணினி பெயர்களை இடமிருந்து வலமாக ஒப்பிட்டு அடுக்குவதால், இந்த வரிசையில் எழுதினால் மட்டுமே அவை தாமாகக் காலவரிசையில் நிற்கும். நாளின் எண்ணை முதலில் எழுதினால் எல்லா மாதங்களின் ஒன்றாம் தேதிகளும் ஒன்றாகச் சேர்ந்து நிற்கும்.

கழிப்பதற்கென்று ஒதுக்கியவற்றில் கணக்கு எண்ணோ கையொப்பமோ உள்ளவற்றை அப்படியே பழைய பேப்பர் கடைக்குப் போடாதீர்கள். வீட்டில் தாள் நறுக்கும் இயந்திரம் இல்லாவிட்டால் ஒரு வாளித் தண்ணீரில் இரவு முழுதும் ஊறவைத்துக் காலையில் பிசைந்தால் கூழாகிவிடும். திருமண அழைப்பிதழ்கள் தனி வகை. மூலையில் மஞ்சள் தடவி, பிள்ளையார் படம் அச்சிட்டு வருவதால் குப்பையில் போட மனம் வராது. அதனாலேயே அவை ஆண்டுக்கணக்கில் மேசையில் தங்கிவிடுகின்றன. தேதியையும் மண்டபத்தையும் நாட்காட்டியில் குறித்துக்கொண்டு, படமுள்ள பகுதியை மட்டும் கத்தரித்து எடுத்துவிட்டு, மீதியைக் காகிதங்களோடு அனுப்பிவிடலாம். அவற்றின் தடித்த உறைகள் சில்லறை ரசீதுகளைப் போட்டு வைக்க மிக நன்றாக இருக்கும், அவற்றை எறியாதீர்கள். கோயில் விபூதி, குங்குமப் பொட்டலங்களும் இப்படித்தான் இழுப்பறையின் மூலையில் சேரும். அவற்றைப் பூசையறைக்கு மாற்றுவதைத் தவிர வேறு எதையும் நான் சொல்லப் போவதில்லை.

காகிதங்கள் பிரிந்தபிறகே டப்பா வாங்கும் பேச்சு வர வேண்டும். அப்போதும் ஒரு வாரம் பொறுத்து, என்ன மிஞ்சியிருக்கிறது என்று அளந்துவிட்டு வாங்குங்கள். பெரும்பாலான வீடுகளுக்கு ஏ4 கவர்களை நிறுத்தி வைக்கும் ஒரு தாங்கியும், லீகல் அளவுக் கோப்பு ஒன்றும், ஆளுக்கொரு டிரேயும் போதும். அடுக்கடுக்கான டிரேக்களை நான் பரிந்துரைப்பதில்லை. கீழடுக்கில் போனதை யாரும் பார்ப்பதில்லை.

மேசைத்தளத்தின் கணக்கு எளிது. உங்கள் மேசையின் ஆழம் இரண்டடி, அதாவது ஏறக்குறைய 60 செ.மீ. கணினித் திரையின் அடித்தாங்கி 20 செ.மீ. எடுத்துக்கொள்கிறது என்று வைப்போம். விசைப்பலகைக்கு 15 செ.மீ.; மணிக்கட்டு ஊன்ற 10 செ.மீ. மிச்சம் 15 செ.மீ. மட்டுமே. திரைக்கு முன்னால் ஒரு நோட்டைக்கூட விரிக்க முடியாது என்பது இதிலிருந்து தெரியும். ஆகவே எழுதும் இடம் பக்கவாட்டில்தான் அமைய வேண்டும். வலது கையால் எழுதுபவர் திரையைச் சற்று இடப்பக்கம் நகர்த்தி, வலப்பக்கம் 45 செ.மீ. அகலத்துக்கு ஒன்றும் இல்லாத வெற்றிடத்தை விட வேண்டும். அந்த வெற்றிடத்தில் பேனா நிறுத்தும் குவளைகூட நிற்கக் கூடாது. முழங்கையை உடலோடு ஒட்டி வைத்துக் கையை நீட்டினால் எட்டும் வட்டத்துக்குள் அன்றாடம் தொடுபவை மட்டும் இருக்கட்டும். தோளிலிருந்து நீட்டி எட்ட வேண்டியவை வாரம் ஒரு முறை தொடுபவையாக இருக்கட்டும். எழுந்து போய் எடுக்க வேண்டியவை மேசையிலேயே இருக்க வேண்டியதில்லை.

ஜன்னலானது கணினித் திரைக்கு நேர் பின்னாலோ உங்களுக்கு நேர் பின்னாலோ இல்லாமல் பக்கவாட்டில் வருமாறு மேசையைப் போடுங்கள், கண்கூச்சம் குறையும். வெளிச்சுவரோடு மேசை ஒட்டியிருந்தால் நான்கு விரற்கடை இடைவெளி விடுங்கள். மழைக்காலத்தில் அந்தச் சுவர் ஈரம் கசியும்போது, சுவரோடு சாய்த்து வைத்த நோட்டுகளின் முதுகில்தான் முதலில் பூஞ்சை படரும். ராமபாணப் பூச்சிகளும் அங்கிருந்துதான் வரும், பைண்டிங் பசையில் உள்ள மாவுச்சத்து அவற்றுக்குப் பிடித்த உணவு. அந்துருண்டையை எழுதும் மேசையின் இழுப்பறையில் போட வேண்டாம். அதன் ஆவியை நாள் முழுவதும் சுவாசிப்பது நல்லதன்று. மாதம் ஒரு முறை எல்லாவற்றையும் எடுத்து உதறித் துடைப்பதுதான் பூச்சிக்கு உண்மையான மருந்து.

இழுப்பறைகளில் பேனாக்களை ஒரு காகிதத்தில் கிறுக்கிப் பார்த்து, எழுதாதவற்றைக் கழித்துவிடலாம். அது கால் மணி நேர வேலை. நிதானம் தேவைப்படுவது வயர்களிலும் அடாப்டர்களிலும்தான். பழைய அடாப்டர் ஒவ்வொன்றின் முதுகிலும் வெளியீட்டு வோல்ட்டும் ஆம்பியரும் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். அது எந்தக் கருவிக்குரியது என்று கண்டுபிடித்து, வெள்ளைத் துணி டேப்பில் ‘மோடம், 12 வோல்ட்’ என்று எழுதி ஒட்டிவிடுங்கள். முனை பொருந்துகிறது என்பதற்காக 12 வோல்ட் அடாப்டரை 5 வோல்ட் கருவியில் செருகிக் கருவியை எரித்துக்கொள்வது வீடுகளில் சகஜமாக நடக்கிறது. கருவியே இல்லாத அடாப்டரை வைத்திருக்க எந்தக் காரணமும் இல்லை. பழைய கைப்பேசிகளில் ஏதாவது ஒன்றின் முதுகு உப்பியிருந்தால், அதன் லித்தியம் பேட்டரி கெட்டுவிட்டது என்று பொருள். அதைச் சார்ஜ் செய்யவோ அழுத்தவோ குத்தவோ கூடாது, வீட்டுக் குப்பையிலும் போடக் கூடாது. எரியக்கூடிய பொருட்களிலிருந்து தள்ளி வைத்து, மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் விரைவில் ஒப்படைக்க வேண்டும். மற்றக் கைப்பேசிகளைக் கொடுக்கும் முன் படங்களை எடுத்துக்கொண்டு, கணக்குகளிலிருந்து வெளியேறி, முழுவதுமாக அழித்துவிட்டுக் கொடுங்கள்.

மூன்று பேர் பகிரும் மேசை என்பதால் உங்களுக்கு ஒரு கூடுதல் விதி தேவைப்படுகிறது: மேசைத்தளம் யாருக்கும் சொந்தமன்று. ஆளுக்கொரு டிரே, பக்கத்து அலமாரியில் ஆளுக்கொரு தட்டு. உங்கள் வேலை முடிந்ததும் நோட்டும் மடிக்கணினியும் உங்கள் டிரேயில் ஏறி அலமாரிக்குப் போக வேண்டும். பிறகு மகனின் டிரே இறங்கும். புத்தகங்களைப் பாடவாரியாக அடுக்கச் சொல்லி மகனை வற்புறுத்தாதீர்கள். அவனுடைய டிரேக்குள் அவன் இஷ்டம்போல வைத்துக்கொள்ளட்டும்; தளம் காலியாகிறதா என்பதை மட்டும் பாருங்கள். வெள்ளிக்கிழமை மாலை பத்து நிமிடம் ஒதுக்கி, நடப்புக் கோப்பைப் புரட்டி, தேதி கடந்தவற்றுக்கு வேறு தேதி எழுதுங்கள். இந்தப் பத்து நிமிடம் தவறினால் இரண்டே வாரத்தில் நாட்காட்டியின் மீது நம்பிக்கை போய்விடும், காகிதங்கள் மறுபடியும் மேசைக்கு ஏறும். ஆண்டுக்கு ஒரு முறை முழுதாகப் பார்க்க ஆயுத பூசைக்கு முந்தைய நாள் வசதியானது. எப்படியும் புத்தகங்களை எடுத்துத் துடைத்து அடுக்கப் போகிறோம்.

மாமனாரின் காகிதங்களை அவர் இல்லாத நேரத்தில் பிரிக்காதீர்கள். முப்பது ஆண்டுப் பாஸ்புத்தகமும் பழைய மாறுதல் உத்தரவும் உங்களுக்குக் குப்பையாகத் தெரியலாம். அவருக்கு அப்படித் தெரியாது. அவரோடு ஒரு மாலை உட்கார்ந்து, ‘மாமா, இதில் ஓய்வூதியத்துக்கு எது வேண்டும், வைத்தியத்துக்கு எது வேண்டும்’ என்று கேட்டு அவர் சொல்லச் சொல்லப் பிரியுங்கள். ஓய்வூதிய ஆணைப் புத்தகம், ஆண்டுதோறும் கொடுக்கும் வாழ்நாள் சான்றின் ஒப்புகை, வங்கி வாரிசு நியமன விவரம் ஆகியவை ஒரு கோப்பில் இருக்கட்டும். மருத்துவக் காகிதங்களில் மருத்துவமனை தரும் விடுவிப்புச் சுருக்கத்தை ஒருபோதும் கழிக்கக் கூடாது. மாதாமாதம் எடுத்த சர்க்கரை அளவுச் சீட்டுகளைத் தேதியோடு ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு சீட்டுகளைக் கழித்துவிடலாம். இப்போது அவர் சாப்பிடும் மருந்துகளின் பட்டியலைப் பெரிய எழுத்தில் எழுதிக் கோப்பின் முதல் பக்கத்தில் வையுங்கள். அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது முதலில் அதைத்தான் கேட்பார்கள். எதை வைப்பது என்று அவரால் முடிவெடுக்க இயலாதவற்றை ஓர் அட்டைப் பெட்டியில் போட்டு, அவர் பெயரையும் தேதியையும் எழுதி, அவருடைய அறையிலேயே, அவர் கைக்கெட்டும் தட்டில் வைத்துவிடுங்கள்.